குடியுரிமை விண்ணப்பத்தோடு பெயர் மாற்றமும் கேட்டேன். உறுதிமொழி விழாவுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை

நொய்யல்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் குடியுரிமைக்காக என்-400 படிவம் தாக்கல் செய்திருந்தேன். கைரேகை, நேர்காணல், ஆங்கிலத் தேர்வு, குடிமையியல் தேர்வு எல்லாம் நல்லபடியாக முடிந்தன. நேர்காணல் முடிவில் அதிகாரி கொடுத்த தாளில், விண்ணப்பம் ஒப்புதலுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருப்பதாகக் குறியிட்டிருந்தார். அதன் பிறகு மாதங்கள் கடந்துவிட்டன. உறுதிமொழி விழாவுக்கான அழைப்பு மட்டும் வரவில்லை. அதே வாரத்தில் அதே அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போன என் தோழி, அன்று பிற்பகலே அங்கேயே உறுதிமொழி எடுத்துச் சான்றிதழோடு வீடு திரும்பினார். எனக்கும் அவருக்கும் இருக்கும் ஒரே வேறுபாடு, படிவத்தில் பெயரை மாற்ற விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு நான் ஆம் என்று எழுதினேன், அவர் இல்லை என்று எழுதினார் என்பதுதான்.

மாற்றக் காரணம் நம்மில் பலருக்கும் தெரிந்தது. பள்ளிச் சான்றிதழ் முதல் எல்லாவற்றிலும் தந்தை பெயரின் முதலெழுத்தும் என் பெயரும் மட்டுமே இருந்தன. முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக விடப்பட்டது. அமெரிக்க விசாவில் என் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகள் ஏறிக்கொண்டன. முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான அந்தச் சுருக்கம் கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, மருத்துவமனைக் கோப்பு என்று எங்கும் தொடர்ந்து வந்தது. பெற்றோர் எனக்கு வைத்த பெயர் முதற்பெயராகவும், தந்தையின் பெயர் குடும்பப்பெயராகவும் ஒரு முறையாவது ஒழுங்காக அச்சாக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதைக் குடியுரிமைச் சான்றிதழிலேயே பெற்றுவிடலாம் என்று பலரும் சொன்னதால் கேட்டேன்.

இப்போது என் கேள்விகள். பெயர் மாற்றம் கேட்டவர்களுக்கு ஏன் இவ்வளவு தாமதம்? நான் ஏதாவது செய்ய முடியுமா, அல்லது காத்திருப்பது ஒன்றுதான் வழியா? என் கிரீன் கார்டு விரைவில் காலாவதியாகிறது. அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டுமா? மகன் பள்ளி இறுதியாண்டில் இருக்கிறான், ஜனவரியில் அவனுக்குப் பதினெட்டு நிறைகிறது, கல்லூரி விண்ணப்ப வேலைகளும் ஒருபுறம் ஓடுவதால் இந்த நிச்சயமின்மை வீட்டில் எல்லோரையும் வாட்டுகிறது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


எட்டயபுரத்தான்:

குடிவரவு வழக்குகளைக் கவனிக்கும் ஒரு சட்ட அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் விண்ணப்பத்தில் குறை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்தத் தாமதத்தின் வேர் சட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் குடியுரிமை வழங்குவது நெடுங்காலம் நீதிமன்றங்களின் வேலையாக இருந்தது. 1990 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அந்த அதிகாரத்தை நிர்வாகத் துறைக்கு மாற்றியது. இன்று குடியுரிமை, குடிவரவு விண்ணப்பங்களைக் கையாளும் அரசுத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ். தன் அலுவலகத்திலேயே, தன் அதிகாரி ஒருவரைக் கொண்டே உங்களுக்கு உறுதிமொழி செய்து வைக்க முடிவது அதனால்தான். ஆனால் ஒருவருடைய பெயரை மாற்றி ஆணையிடும் அதிகாரம் மட்டும் நீதிபதியிடமே நின்றுவிட்டது. குடிவரவு மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 336 ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் உறுதிமொழி செய்து வைக்கும்போது மட்டுமே, அந்த நிகழ்வின் ஒரு பகுதியாகப் பெயர் மாற்ற ஆணை பிறப்பிக்க முடியும். எனவே படிவத்தில் ஆம் என்று எழுதியவருக்கு அலுவலக விழா கிடையாது; அவர் நீதிமன்றம், பெரும்பாலும் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம், நடத்தும் விழாவுக்குத்தான் போயாக வேண்டும்.

நேர்காணலின்போது உங்களிடம் என்-662 என்ற இன்னொரு தாளிலும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அது நீதிமன்றத்துக்கான பெயர் மாற்ற மனு. கடனிலிருந்து தப்பவோ சட்டத்தை ஏய்க்கவோ இந்த மாற்றத்தைக் கேட்கவில்லை என்று அதில் உறுதி கூறுகிறீர்கள். அந்த மனு நீதிமன்றத்துக்குச் சென்று, விழாவுக்கான பட்டியலில் உங்கள் பெயர் சேர வேண்டும். விழாவின் நாளைக் குறிப்பது நீதிமன்றத்தின் நாட்காட்டி. துறை அதை விரைவுபடுத்த இயலாது. சில மாவட்டங்களில் நீதிமன்ற விழா அடிக்கடி நடக்கிறது, சிலவற்றில் மாதம் ஒரு முறை, சிலவற்றில் அதைவிடவும் அரிது. இடமும் குறைவாக இருந்தால் ஒரு விழாவில் இடம் கிடைக்காதவர் அடுத்ததுக்குத் தள்ளப்படுகிறார். இதனால்தான் எத்தனை மாதம் ஆகும் என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் விடை கிடையாது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சட்டத்தின் 310 ஆம் பிரிவு, விரும்பும் நீதிமன்றங்கள் தங்கள் எல்லைக்குள் உறுதிமொழி செய்து வைக்கும் உரிமையை, விண்ணப்பதாரரின் தகுதி சான்றளிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குத் தமக்கே வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. அப்படிப்பட்ட மாவட்டங்களில் பெயர் மாற்றம் கேட்டவரும் கேட்காதவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பாஸ்டனின் ஃபனுயில் ஹாலில் நடக்கும் பெரிய விழாக்கள் நீதிபதி தலைமையில் நடப்பவை. உங்கள் தோழிக்கு அன்றே அலுவலகத்தில் உறுதிமொழி நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் பகுதியில் அலுவலக விழா நடைமுறையில் இருக்கிறது, உங்களை அதிலிருந்து பிரித்து நிறுத்தியிருப்பது பெயர் மாற்றக் கோரிக்கை மட்டுமே என்று உறுதியாகச் சொல்லலாம்.

கிரீன் கார்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 2022 டிசம்பர் 12 ஆம் தேதி முதல், என்-400 தாக்கல் செய்தவர்களுக்கு அதன் ரசீதே காலாவதியாகும் கார்டின் செல்லுபடியை 24 மாதங்கள் நீட்டித்துத் தருகிறது. ரசீதையும் கார்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.


இரா. மீனா:

சகோதரிக்கு வணக்கம். எட்டயபுரத்தான் ஐயா சொன்ன காரணம் சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு உடனே பெயர் மாற்றத்தை விலக்கிக்கொள்ள முடிவு செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் இதே எஃப்.என்.யூ. சிக்கலோடு வந்தவள், நீதிமன்ற விழாவுக்காகக் காத்திருந்து பெயரை மாற்றிக்கொண்டவள். அந்தக் காத்திருப்பு வீண் போகவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாவது செலவு. என்-400 வழியாகக் கேட்கும் பெயர் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. இதையே பிறகு மாநில நீதிமன்றத்தில் செய்யப் போனால், நான் இருக்கும் கலிபோர்னியாவில் மனுவுக்கு மட்டும் 435 டாலர் அளவில் ஆகிறது. அதோடு நாளிதழில் வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் அறிவிப்பு வெளியிட வேண்டும், அதற்கும் தனிப் பணம். டெக்சாஸில் பெயர் மாற்ற மனுவோடு கைரேகையும் கொடுக்க வேண்டும். எந்த மாநிலமானாலும் விண்ணப்பம், நீதிமன்றத் தேதி, காத்திருப்பு எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது, அதைவிட முக்கியமாக நான் கருதுவது, சான்றிதழ். குடியுரிமைச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் கூட வரும் ஆவணம். அது பழைய பெயரில் இருந்து, பாஸ்போர்ட் மட்டும் புதுப் பெயரில் இருந்தால், இரண்டையும் கேட்கும் இடங்களில் எல்லாம் நடுவில் நீதிமன்ற ஆணையையும் நீட்ட வேண்டும். சான்றிதழையே மாற்ற விரும்பினால் என்-565 படிவம் தாக்கல் செய்து, தாளில் அனுப்பினால் 555 டாலர், இணையவழியில் 505 டாலர் கட்ட வேண்டும். அதற்கும் மாதக்கணக்கில் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்தியப் பாஸ்போர்ட்டின் பெயருக்கும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டின் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டும். விழாவிலேயே மாறிய பெயருக்கு நீதிமன்ற முத்திரையிட்ட ஆணை நகல் இருந்ததால் எனக்கு அதில் ஒரு கேள்வியும் எழவில்லை.

இத்தனை ஆண்டு அந்த மூன்று எழுத்துகளைச் சுமந்த ஒருவர், தன் பெயரை நீதிபதி முன்னிலையில் மீட்டுக்கொள்வதை வெறும் காகித வேலை என்று நான் நினைக்கவில்லை. முடிந்தால் பொறுத்திருங்கள்.


டாலஸ் வாசகர்:

மேலே இருவர் எழுதியதும் மதிப்புள்ள செய்திகள். ஆனால் கேள்வியின் கடைசி வரிகளில் ஒரு செய்தி இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் இந்த விஷயத்தின் நடுநாயகமாகத் தெரிகிறது. மகனுக்கு ஜனவரியில் பதினெட்டு நிறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

2000 ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கிரீன் கார்டோடு இங்கே பெற்றோரின் பொறுப்பில் வாழும் பிள்ளைக்குப் பதினெட்டு நிறையும் முன் தாய் தந்தையரில் ஒருவர் குடியுரிமை பெற்றுவிட்டால், பிள்ளையும் அந்த நொடியே தானாகக் குடிமகன் ஆகிறான். அவனுக்குத் தனி விண்ணப்பமோ தேர்வோ கிடையாது. ஆனால் இங்கே கணக்கில் கொள்ளப்படும் நாள் உங்கள் நேர்காணல் நாளும் அல்ல, ஒப்புதல் நாளும் அல்ல. நீங்கள் உறுதிமொழி ஏற்கும் நாள். அது அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அமைந்தாலும் இந்த வழி அடைபட்டுவிடும். கிரீன் கார்டு வழக்குகளில் பிள்ளைகளின் வயதை உறையவைத்துக் காக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தானாகக் குடியுரிமை வருவதற்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

வழி அடைபட்டால் அவன் எதையும் இழந்துவிடமாட்டான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிரீன் கார்டு இருக்கிறது. ஐந்து ஆண்டு வசிப்பு போன்ற தகுதிகள் நிறைந்திருந்தால் பதினெட்டு ஆனதும் தானே என்-400 தாக்கல் செய்யலாம். ஆனால் கட்டணம், தேர்வு, நேர்காணல், காத்திருப்பு அனைத்தும் கல்லூரியின் முதல் ஆண்டில், ஒருவேளை வேறு மாநிலத்தில் இருந்தபடி, அவன் தலையில் ஏறும். தாயின் குடும்பப்பெயருக்காக அந்தச் சுமையை அவன் ஏற்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் விண்ணப்பித்திருக்கிறாரா என்று தெரிந்தால் நல்லது. அவர் முன்னதாக உறுதிமொழி எடுத்தாலும் போதும்.


நொய்யல்:

டாலஸ் வாசகர் அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நான் விண்ணப்பித்துவிட்டதால் மகனுடைய நிலையும் காப்பாற்றப்பட்டுவிட்டது என்றே நாங்கள் இருவரும் எண்ணியிருந்தோம். கணவரால் இப்போது விண்ணப்பிக்க இயலாது. அவருடைய தாயாரைக் கவனித்துக்கொள்ளத் திருச்சியில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க நேர்ந்தது. அதனால் அவருடைய தொடர் வசிப்பில் கேள்வி எழும், இன்னும் சிறிது காலம் பொறுப்பது நல்லது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஆகவே மகனுக்கு என் உறுதிமொழி ஒன்றுதான் வழி.

பெயர் மாற்றக் கோரிக்கையை இந்தக் கட்டத்தில் விலக்கிக்கொள்ள முடியுமா? அப்படிச் செய்தால் முழு விண்ணப்பத்துக்கும் ஏதாவது பாதிப்பு வருமா? நேர்காணல் முடிந்து 120 நாள் கடந்தால் வழக்குத் தொடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அதுவும் எனக்குப் பொருந்துமா?


எட்டயபுரத்தான்:

முடியும். பெயர் மாற்றக் கோரிக்கையை உறுதிமொழிக்கு முன் விலக்கிக்கொள்ளலாம். குடியுரிமைக்கான தகுதியை அது தொடாது. தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தாமல், கையெழுத்திட்ட கடிதமாக உங்கள் நேர்காணல் நடந்த அலுவலகத்துக்கே அனுப்புங்கள். கிரீன் கார்டில் உள்ள ஏ-எண், என்-400 ரசீது எண், நேர்காணல் நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, என்-662 மனுவைத் திரும்பப் பெறுகிறேன், தற்போதைய சட்டப்பூர்வப் பெயரிலேயே அலுவலக விழாவில் உறுதிமொழி ஏற்க விரும்புகிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். மகனின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் அவனுடைய கிரீன் கார்டு நகலையும் இணைத்து, எந்தத் தேதிக்கு முன் விழா நடக்க வேண்டும் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இணையக் கணக்கு வழியாகவும் அதே கடிதத்தைப் பதிவேற்றுங்கள். நேரில் சந்திக்க முன்பதிவு கிடைத்தால் அதை விடாதீர்கள், ஏனென்றால் நீதிமன்றப் பட்டியலுக்குப் போய்விட்ட கோப்பை ஒருவர் எடுத்து மாற்றி வைத்தால்தான் வேலை நகரும்.

337 ஆம் பிரிவில் விரைவு உறுதிமொழிக்கு இடம் இருக்கிறது. விண்ணப்பதாரர் அல்லது நெருங்கிய குடும்பத்தினரின் கடும் நோய், முதுமை, பயணம் அல்லது வேலை தொடர்பான நெருக்கடி ஆகியவற்றை அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. பிள்ளையின் வயது அந்தப் பட்டியலில் நேராக இல்லை. ஆனால் அவை எடுத்துக்காட்டுகள் மட்டுமே என்பதால் உங்கள் காரணத்தை முன்வைத்துக் கேட்பதில் தவறில்லை. பதில் வராமல் நாள்கள் கரைந்தால், உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அலுவலகத்தில் தனியுரிமை ஒப்புதல் படிவம் கொடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த அலுவலகங்களில் குடிவரவு விசாரணைகளுக்கென்றே ஆள் இருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் முடிய வேண்டிய விஷயங்களில் அவர்களுடைய கேள்விக்குப் பயன் இருப்பதை என் பணியில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

120 நாள் விதி, நேர்காணலுக்குப் பிறகு விண்ணப்பத்தின் மீது முடிவே எடுக்கப்படாமல் கிடப்பவர்களுக்கானது. அவர்கள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். ஒப்புதல் ஆகிவிட்டு விழா நாளுக்காக மட்டும் காத்திருப்பவருக்கு அது நேராகப் பொருந்தாது. நேர்காணல் தாளில் இருப்பது பரிந்துரை மட்டுமே. எனவே உங்கள் இணையக் கணக்கில் ஒப்புதல் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவாகவில்லை என்றால் ஒரு வழக்கறிஞரிடம் இதைத் தனியாகக் கேட்பது நல்லது.


இரா. மீனா:

மகனுடைய வயது இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும்போது, சகோதரி, என் கருத்தும் விலக்கிக்கொள்ளுங்கள் என்பதே. பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அந்த வாய்ப்பு எங்கும் போகாது. உறுதிமொழி முடிந்ததும் பழைய பெயரிலேயே பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, பின்னர் மாநில நீதிமன்றத்தில் மாற்றம் பெறுங்கள். பாஸ்போர்ட் வழங்கப்பட்ட ஓராண்டுக்குள் பெயர் சட்டப்படி மாறி, அந்த ஓராண்டுக்குள்ளேயே விண்ணப்பித்துவிட்டால், டி.எஸ்.-5504 படிவத்தின் மூலம் கட்டணமின்றிப் புதுப் பெயரில் பாஸ்போர்ட் கிடைக்கும். விரைவுச் சேவை கேட்டால் மட்டும் அதற்கான தொகையைக் கட்ட வேண்டும்.

மகனுடைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயராக உங்கள் பழைய பெயர்தானே இருக்கும்? உங்கள் குடியுரிமைச் சான்றிதழும் அதே பெயரில் இருந்தால், அவனுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய் இவர்தான் என்பதை நிறுவ இடையில் வேறு ஆவணம் தேவைப்படாது.


டாலஸ் வாசகர்:

மீனா அவர்கள் சொன்னதை ஒட்டி மகனுக்கான வேலைகளையும் எழுதிவிடுகிறேன். உங்கள் உறுதிமொழி நாளிலேயே அவன் குடிமகன் ஆகிவிடுவான். ஆனால் அவன் பெயரில் சான்றிதழ் எதுவும் தானாக வராது. என்-600 வழியாகத் தனிச் சான்றிதழ் பெறத் தாளில் 1,385 டாலர், இணையவழியில் 1,335 டாலர் ஆகிறது. உடனடியாக அது தேவையில்லை. டி.எஸ்.-11 படிவத்தோடு பாஸ்போர்ட்டுக்கு அவன் நேரில் விண்ணப்பித்தால் போதும். அவனுடைய பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு, உங்கள் குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதினருக்குப் பெற்றோரில் ஒருவர் அறிந்தே விண்ணப்பிக்கிறார்கள் என்பதைக் காட்ட வேண்டும் என்பதால் நீங்களோ கணவரோ கூடப் போவது எளிது.

நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழ்களில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பல பிறப்புகள் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவானவை என்பதால் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். மகனுடைய சான்றிதழ் அப்படி இருந்தால், பிறப்பு பதிவான நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதிய நகல் வாங்க முடியுமா என்று விசாரிக்க ஊரில் உள்ள உறவினர் ஒருவரை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். தாயின் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தாலும் அதே சமயத்தில் திருத்தக் கேட்கலாம்.


நொய்யல்:

கடிதம் எழுதி முடித்துவிட்டேன். மகனுடைய பிறந்த தேதியை ஐயா சொன்னபடி முதல் பத்தியில் வைத்திருக்கிறேன். நாளை காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு இணையக் கணக்கிலும் ஏற்றுகிறேன். கணக்கில் ஒப்புதல் பதிவாகியிருக்கிறது, ஆகவே வழக்குப் பேச்சை விட்டுவிட்டோம். மகனின் பிறப்புச் சான்றிதழில் அவன் பெயர் இருக்கிறது, ஆனால் என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதைத் திருத்தத் தம்பியை ஈரோட்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தனியுரிமை ஒப்புதல் படிவத்தை இப்போதே கொடுத்து வைக்கலாமா, அல்லது கடிதத்துக்குப் பதில் வரும்வரை பொறுக்க வேண்டுமா?


எட்டயபுரத்தான்:

பொறுக்க வேண்டாம். கடிதம் அனுப்பிய ரசீதின் நகலோடு படிவத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் விசாரிக்கும்போது அதையே மேற்கோள் காட்டுவார்கள். விழா அழைப்பு என்-445 என்ற தாளில் வரும். அதன் பின்பக்கத்தில் நேர்காணலுக்குப் பிறகு திருமணம், வெளிநாட்டுப் பயணம், கைது போன்றவை நேர்ந்தனவா என்று கேட்டிருக்கும் கேள்விகளை விழா நாளன்றுதான் நிரப்ப வேண்டும். விழாவில் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் முந்தின நாளே அதை எடுத்து வையுங்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கிருந்து நகரும் முன் பெயர், பிறந்த தேதி, விழா நாள் மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தி வாங்குவது, பிறகு விண்ணப்பித்துத் திருத்துவதைவிட மிகவும் எளிது.